கழுத்தை ஒரு புறம் இழுக்கும் நோய்

கரமனையில் நம்மவர் வீடுகளில் கழுத்து பிடித்துக்கொண்டால் எண்ணெயும் வெந்நீர் ஒத்தடமுமே முதல் வைத்தியம். இரண்டொரு நாளில் விட்டுவிடும் சுளுக்குக்கு அவை போதும். ஆனால் மாதக்கணக்காகத் தலையை ஒரே புறம் இழுக்கும் நோய் ஒன்றுண்டு. அதையும் சுளுக்கென்று எண்ணிக் கழுத்தை வெடுக்கென்று திருப்பி விடுவது வீண், ஆபத்தும் கூட.

இந்நோயின் வேர் கழுத்தில் இல்லை, மூளையில் இருக்கிறது. தசைகளின் இறுக்கத்தையும் தளர்ச்சியையும் ஆளும் உட்பகுதிகளின் கணக்குப் பிசகுவதால், காதின் பின்புறமிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசையும் பிடரித் தசைகளும் நமது விருப்பமின்றியே சுருங்குகின்றன. தலை திரும்பும், சாயும், சிலருக்கு நடுங்கும். வலியும் சேரும். பெரும்பாலும் நடுவயதில் தொடங்குவது. பெண்களிடம் சற்று மிகுதி. வைத்திய நூல்கள் இவ்வினக் கோளாறுகளை டிஸ்டோனியா என்கின்றன. அப்பெயரை 1911-இல் வழங்கியவர் ஜெர்மானிய வைத்தியர் ஹெர்மன் ஓப்பன்ஹைம்.

இதில் ஒரு விந்தை உண்டு. மோவாயில் விரலை மெல்ல வைத்தால் பலருக்குத் தலை சற்று நேராகிவிடும். உறக்கத்தில் இழுப்பு அடங்கும்; மனக்கலக்கத்தில் மிகும். இவற்றைக் கண்டே ஒரு காலத்தில் வைத்தியர்கள் கூட இதை மனக்கோளாறு என்றனர். “விரல் வைத்தால் நேராகிறதே, பின் ஏன் இந்தப் பாசாங்கு?” என்று வீட்டாரே கேட்டால் அந்தப் பெண்மணி எங்கே போவாள்? அந்த விரல் பாசாங்குக்குச் சாட்சி அன்று. இந்நோய்க்கே உரிய அடையாளம்.

மருந்தும் விந்தையானதே. கெட்டுப்போன டப்பா உணவில் விளையும் கொடிய நஞ்சான பொட்டுலினத்தை மிக நுண்ணிய அளவில் தசையில் ஊசியாகப் போடுகின்றனர். ஸான்பிரான்ஸிஸ்கோ கண் வைத்தியர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்கு இதைக் கையாண்டு வழிகாட்டினார். கழுத்து நோய்க்கு அமெரிக்க அரசின் அனுமதி 2000-இல் கிடைத்தது. நோய் அடியோடு தீராது, இழுப்புத் தளரும். பலன் சுமார் மூன்று மாதம் நிற்கும். பிறகு மீண்டும் ஊசி. செலவு அதிகந்தான்.

நமது நகரிலேயே, 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில் இத்தகைய அசைவுக் கோளாறுகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கரமனையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே போய் மலையாளத்தில் ‘உளுக்கு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாகாது. எப்போது தொடங்கிற்று, எப்புறம் இழுக்கிறது, எங்கே தொட்டால் தளர்கிறது என்பவற்றைச் சொல்ல வேண்டும். உட்கொள்ளும் மருந்துச் சீட்டுகளையும் கொண்டு செல்க. வாந்திக்கும் மனநோய்க்கும் தரப்படும் சில மருந்துகளாலும் கழுத்து இப்படி இழுத்துக்கொள்வதுண்டு.