மண்ணைச் சொன்ன நூல்களும் மண்ணில் பிறந்த நானும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து இலக்கியம் கண்ட மரபு நம்முடையது. இதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன் நான். ஆனால், என் காலடியில் கிடந்த நிலத்தை நான் படித்ததே இல்லை. படிக்கச் செய்தவை இருவகை நூல்கள். அவை பற்றியே இங்குச் சில சொல்ல விழைகின்றேன்.

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் சிற்றூர். கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஆற்றுப்பாசன ஊர்களிலிருந்து வந்த நண்பர்களிடம் என் ஊரைச் சொல்லவே கூசினேன். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண். மழை பெய்தாலோ செருப்பை இழுத்துக்கொள்ளும் மண். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அப்போதுதான் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) கைக்குக் கிடைத்தது. தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்த மக்கள், காட்டை எரித்துத் திருத்தி ஊராக்கிய கதை அது. 1923இல் இடைசெவலில் பிறந்து 2021இல் மறைந்த அவர், கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியும் தந்தவர். என் பாட்டி பேசும் சொற்களை அச்சில் கண்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்துப் படித்தது மா. கிருஷ்ணனின் (1912-1996) 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் கட்டுரைத் தொகுப்பு. இவர் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பறவையோ விலங்கோ, தாம் கண்டதை மிகையின்றிச் சொல்பவர்.

இரண்டுக்கும் வேறுபாடு யாது? புதினத்தில் காடு எரிவது ஓர் ஊரின் தொடக்கம். இயற்கைக் கட்டுரைகளைப் படித்த பின்போ, அக்காட்டில் வாழ்ந்த உயிர்கள் எங்கே போயின என்ற கேள்வி எழுகிறது. முன்னது மனிதனின் பசியைச் சொல்கிறது. பின்னது மற்ற உயிர்களின் பசியையும் நினைவூட்டுகிறது. ஒன்றை மட்டும் படிப்பவனுக்கு நிலம் பாதிதான் தெரியும்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் மூன்று ஏக்கரும் சில ஆண்டுகளாக உழவின்றிக் கிடந்து, சீமைக்கருவேல் மண்டிவிட்டது. "விற்றுவிடலாம் அப்பா" என்று முதலில் சொன்னவன் நானே. சென்ற கோடையில் அவரும் இசைந்தார். விற்குமுன் ஒருமுறை பார்ப்போம் என்று இருவரும் போனோம். புதரிலிருந்து காடை ஒன்று விர்ரென்று எழுந்தது. வெடிப்பைக் காட்டி, இது ஏன் இப்படி என்று கேட்டேன். "மண்ணு வாயைத் தொறந்து மழைக்குக் காத்துக் கெடக்குடா" என்றார் அப்பா.

அது வெறும் உவமை அன்று. கரிசலின் களிமண் ஈரத்தில் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அவ்வெடிப்பு வழியே முதல் மழை ஆழத்துக்கு இறங்குகிறது. மேல்மண்ணும் உதிர்ந்து உள்ளே விழ, மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது. இறங்கிய ஈரத்தை நெடுநாள் காக்கிறது. ஆதலால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் மல்லியும் விளைகின்றன. நான் குறையென்று கூசியதுதான் அந்த மண்ணின் உயிர்! நூல் படிக்காத என் தந்தையாருக்கு இது முன்பே தெரிந்திருந்தது, நான்தான் கேட்டதில்லை.

நிலத்தை இன்னும் விற்கவில்லை. ஒரு ஏக்கரில் கருவேலை வேரோடு அகற்றி உளுந்து விதைத்தோம். மற்ற இரண்டு ஏக்கர் என்னாகுமோ, அறியேன். புத்தகம் படித்தால் கடன் தீராது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால், எதை விற்கிறோம் என்பதே தெரியாமல் விற்கவிருந்தேனே என்று எண்ணும்போது வெட்கமாயிருக்கிறது.

மாணவ நண்பர்களே! இவ்விடுமுறையில் உங்கள் ஊரைப் பற்றிய ஒரு நூலைப் படியுங்கள். பின்னர் அதை மூடிவைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பெரியவரோடு ஒருமுறை வயலுக்கு நடந்து பாருங்கள். மீதிப் பாதி அங்கே இருக்கிறது.