நுரையீரல் நோய் என்று அறிந்த முதல் மாதம்

கொச்சங்காடியிலிருந்து கடைவீதி வழியாக எங்கள் கிளைக்கு நடந்து வருவோர்க்குச் சுக்கு, மிளகு, வற்றல் மிளகாய் ஆகியவற்றின் நெடி வழித்துணையாக வரும். நுரையீரல் நலமாக உள்ளோர்க்கு அது மணம், மற்றவர்க்கு இருமல். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, அவ்வழியே வந்த தமிழ் வாடிக்கையாளர் ஒருவர் வாயிற்படியில் இருமுறை நின்று மூச்சு வாங்கிய பின்னரே உள்ளே நுழைந்தார். சரக்குக் கிடங்குகளில் முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்தவர். பீடிப் பழக்கமும் உண்டு. அவருடைய ஒரு கையில் நான்கு இலட்ச ரூபாய்க்கான வைப்பு ரசீது. மறு கையில் ஆக்சிஜன் கருவிக்கான விலைச்சீட்டு. வைப்பை அன்றே முடித்துக் கருவி வாங்க வேண்டும், மீதியை இரு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்றார். “நுரையீரல் போய்விட்டது சார், இனி எதற்கு வட்டி?” என்று கேட்டார்.

கருவி வாங்கும்படி மருத்துவர் சொன்னாரா என்று வினவினேன். இல்லை, பக்கத்து வீட்டார் சொன்னார்கள், கடைக்காரர் விலை எழுதிக் கொடுத்தார், அவ்வளவே. ஒரு வாரம் பொறுத்து, மருத்துவரை மீண்டும் பார்த்துவிட்டு வருமாறு கேட்டுக்கொண்டேன். நான் வணிகவியல் படித்தவன், மருத்துவன் அல்லன். ஆயினும், இத்தகைய நோய் என்று அறிந்த முதல் மாதத்தில் எடுக்கப்படும் பண முடிவுகள் பலவும் நோயைத் தவறாகப் புரிந்துகொண்டதால் விளைபவை என்பதைக் கிளையில் அமர்ந்து கண்டிருக்கிறேன். ஆகவே, நோயைப் பற்றிச் சிறிது சொல்லிய பின்னரே கணக்கிற்கு வருகிறேன்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பர். மூச்சுக்குழாய்கள் நிலையாகக் குறுகியும், காற்றறைகள் சிதைந்தும், உள்ளே சென்ற காற்று முழுதும் வெளியேற இயலாத நிலை இது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக ‘லான்செட்’ குழும இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. புகைபிடிப்போர் மட்டுமே இதற்கு ஆளாவர் என்பது தவறு. விறகடுப்பின் முன் வாழ்நாளைக் கழித்த பெண்கள், கிடங்கிலும் ஆலையிலும் தூசியைச் சுவாசித்தோர், முன்பு காசநோய் கண்டு குணமானோர் ஆகியோரும் இதில் அடங்குவர். சேதமடைந்த பகுதி பழையபடி ஆகாது என்பது உண்மை. ஆனால் நுரையீரல் “போய்விட்டது” என்பது உண்மையன்று. எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி. அதை அளக்க முடியும்.

அளக்கும் கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். இதை உருவாக்கி, 2,000-க்கும் மேற்பட்டோரை ஊதச்செய்து பெற்ற அளவுகளை 1846-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஜான் ஹட்சின்சன். அவர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கும் மருத்துவராக இருந்தவர். பாலிசி கேட்டு வருவோரின் ஆயுளைக் கணிக்க இக்கருவி உதவும் என்று நம்பினார். நம் தொழிலுக்கும் இந்நோய்க்கும் உறவு அவ்வளவு பழையது! இன்றைய சோதனையில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னரும், முழுமூச்சாக ஊதும் காற்றில் முதல் நொடியில் வெளியேறும் பங்கு 70 விழுக்காட்டிற்குக் குறைவாக இருந்தால் அடைப்பு உறுதியாகிறது. மார்பு எக்ஸ்ரே மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லப்பட்டிருந்தால், இச்சோதனை எங்கே செய்யலாம் என்று தயங்காமல் கேளுங்கள். ஆஸ்துமாவையும் இதையும் பிரித்தறியவும் அது உதவும். அந்த அறிக்கையை வைப்பு ரசீதைப் போலவே பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டின் அளவை ஒப்பிட அதுவே அடிப்படை.

மருந்துகளுக்கு முன்னால் வருவது புகையை விடுதல். லண்டனில் பணிபுரிந்த ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பிளெட்சர், பீட்டோ இருவரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது: புகையை விட்டவரின் நுரையீரல் இழந்ததை மீட்காது, ஆயினும் அதன்பின் தேயும் வேகம், புகைக்காதவரின் அளவிற்குக் குறைகிறது. அசலைத் தின்னும் கடனை நிறுத்துவது போன்றது இது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் நம்மவரிடையே பரவலாக உண்டு. அது வேண்டாத அச்சம். மிகச் சிறிய அளவு மருந்து நேரே மூச்சுக்குழாயை அடைகிறது என்பதே அதன் சிறப்பு. உண்மையான சிக்கல் வேறு: பலர் தவறாக இழுப்பதால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை செல்லும்போதும் மருத்துவர் அல்லது செவிலியர் முன்னிலையில் இழுத்துக் காட்டுவதும், ஸ்பேசர் தேவையா என்று கேட்பதும் செலவில்லாத சிகிச்சை. இன்ஃபுளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகளையும், மேற்பார்வையுடன் கூடிய நடைப்பயிற்சியையும் குறித்து அங்கேயே விசாரித்துவிடலாம்.

இனி ஆக்சிஜன். மூச்சு வாங்குகிறது என்பதனாலேயே ஆக்சிஜன் தேவைப்படுவதில்லை. ஓய்வாக இருக்கும்போதே இரத்தத்தில் அதன் அளவு மிகக் குறைந்து, பொதுவாக 88 விழுக்காடோ அதற்கும் கீழோ நிலைத்திருப்பவர்களுக்கு, நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரத்திற்குக் குறையாமல் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று 1980, 1981-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள் காட்டின. மற்றவர்க்கு அப்பயன் இல்லை. சிலர்க்கு அளவு மீறிய ஆக்சிஜன் தீங்கும் செய்யும். வீட்டில் கருவி இருக்கும்போது அருகில் பீடியோ அடுப்போ எரியக்கூடாது என்பதையும் மறக்கலாகாது. கருவி தேவை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், முதலில் வாடகைக்கு எடுக்க முடியுமா என்று பாருங்கள். வீட்டில் உயிர்காப்புக் கருவிகளைப் பயன்படுத்தும் நோயாளிகளுக்குக் கேரள மின்வாரியம் கட்டணச் சலுகை அளிக்கிறது. தகுதி விதிகளைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறியலாம்.

கேரளத்தில் இருப்போர்க்கு மற்றொரு வசதி உண்டு. அரசின் குடும்ப நல மையங்களில் இந்நோய்க்கும் ஆஸ்துமாவிற்கும் என்றே ‘சுவாஸ்’ என்னும் பெயரில் கிளினிக்குகள் நடத்தப்படுகின்றன. மாதந்தோறும் தனியார் மருந்துக்கடையில் வாங்கும் முன், உங்களுக்குரிய மருந்து அங்கே கிடைக்கிறதா என்றும், மக்கள் மருந்தகத்தில் அதே மூலப்பெயரில் என்ன விலை என்றும் பார்ப்பது நல்லது.

இப்போது கணக்கு. இந்நோயின் செலவு ஒரே தவணையில் வருவதன்று. மாதந்தோறும் இன்ஹேலர், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை. நடுவே எதிர்பாராமல் நோய் முற்றி மருத்துவமனையில் சேரும் நாட்கள். மழைக்காலத் தொற்றும் புகையும் அந்நாட்களை வரவழைக்கும். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பற்றி, பத்து நாட்களுக்கு மேல் கொச்சியைப் புகை சூழ்ந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். பொதுவான மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவைத் தாங்குமேயன்றி மாதாந்திர மருந்தைத் தாங்காது. எனவே சேமிப்பையும் இரண்டாகப் பிரிப்பதே பொருத்தம்: ஒரு பகுதி மாத வட்டி தரும் வைப்பாகவும், மறு பகுதி இரவோடு இரவாக எடுக்கக்கூடிய தொகையாகவும் இருக்கட்டும். பெருந்தொகை தேவைப்பட்டாலும், வைப்பை முறிப்பதா, அதன்மேல் கடன் பெறுவதா என்று கிளையில் ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

ஏற்கெனவே பாலிசி உள்ளவர்கள் அதைக் காலாவதியாக விடாதீர்கள். இடையில் நோய் வந்தது என்பதற்காகவோ, முன்பு உரிமம் கோரினீர்கள் என்பதற்காகவோ புதுப்பிக்க மறுக்க இயலாது. புதிதாக எடுப்போர் நோயை மறைக்காமல் எழுத வேண்டும். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதி. மறைத்து எழுதிவிட்டு, மருத்துவமனை வாயிலில் உரிமம் மறுக்கப்பட்டு நின்ற குடும்பங்களை அறிவேன். காப்பீடே இல்லாத மூத்த குடிமக்கள், பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தால், ஆண்டிற்கு 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரொக்கமாகச் செலுத்தியது கணக்கில் வராது.

நோயாளியால் படியேற முடிகிறபோதே செய்து முடிக்க வேண்டிய சில வேலைகள் உள்ளன. சேமிப்புக் கணக்கை, இருவரில் ஒருவர் இயக்கலாம் என்ற வகையில் கூட்டுக் கணக்காக்குவது அவற்றுள் முதன்மையானது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமனதாரராகப் பதியலாம். மகள்களுக்கு இப்போதே பணத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. எழுபது வயது கடந்தவர்களுக்கும், நோயால் நடமாட இயலாதவர்களுக்கும் வீட்டிற்கே வந்து அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளைப் பணித்திருக்கிறது. ஓய்வூதியர்கள் நவம்பரில் தரவேண்டிய உயிர்வாழ் சான்றை, முக அடையாளத்தின் மூலம் கைப்பேசியிலேயே அளிக்கலாம்.

அந்தப் பெரியவர் பத்து நாள் கழித்து வந்தார். ஓய்வு நிலையில் அவருடைய ஆக்சிஜன் அளவு 95. கருவி வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வைப்பைப் பிரித்து மாத வட்டிக்கு மாற்றினோம். மகள்கள் இருவரும் நியமனதாரர்கள் ஆயினர். பீடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்ததை நான் கவனிக்காதது போல் இருந்தேன். போன மாதம் வந்தபோது தீப்பெட்டி இல்லை. அதே பையில் இன்ஹேலர் இருந்தது. வாயிற்படியில் ஒருமுறை மட்டும் நின்றார்.