குளிர் மலையில் கெளுத்தி வளர்ப்பு: நீலகிரி வீடுகளுக்கு ஏற்ற பெப்பர் கோரி மீன்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் ஆசையாக வண்ணமீன் தொட்டி வாங்கி வைக்கும் பலருக்கு முதல் குளிர்காலமே சோதனைதான். கடைகளில் அதிகம் விற்கப்படும் ஏஞ்சல், டிஸ்கஸ், ஃபைட்டர் போன்ற மீன்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் தேவை. மார்கழிப் பனியில் அவை ஒன்றொன்றாகச் செத்து மிதக்கும். மீனும் போய், பணமும் போய்விடும்.

மலைக்காலநிலைக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுத்தால் இந்த இழப்பு வராது. அப்படிப்பட்ட ஒன்றுதான் பெப்பர் கோரி எனப்படும் சிறிய கெளுத்தி.

எந்த மீன் இது?

கோரிடோராஸ் பேலியேட்டஸ் என்ற அறிவியல் பெயரால் நீண்டகாலம் அறியப்பட்டது இது. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் பகுதி ஆறுகளைச் சேர்ந்தது. பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் சேகரித்த மீன்களில் இதுவும் ஒன்று. 1842-இல் ஜெனின்ஸ் என்பவர் இதற்குப் பெயரிட்டார்.

வளர்ந்த மீன் 5 முதல் 7 செ.மீ. நீளம் இருக்கும். நம் ஊர்க் கெளுத்தியைப் போல மீசை உண்டு. ஆனால் உடலின் இருபுறமும் எலும்புத் தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். 18 முதல் 23 டிகிரி வெப்பநிலை இதற்கு மிகப் பொருத்தம்.

வாங்கும்போது இனத்தைக் கேட்டு வாங்குங்கள். பாண்டா கோரி 20 டிகிரிக்கு மேல் நன்றாக இருக்கும். ஸ்டெர்பா கோரி வெப்பம் விரும்பும் இனம்; மலைக்கு வேண்டாம்.

தொட்டி அமைப்பு

இது கூட்டமாக வாழும் மீன். குறைந்தது ஆறு மீன்களாவது வளர்க்க வேண்டும். அதற்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி போதும்; சுமார் 50 லிட்டர் பிடிக்கும்.

* அடியில் மெல்லிய ஆற்று மணலைக் கழுவிப் பரப்புங்கள். கூரான ஜல்லி போட்டால் மீசை தேய்ந்து புண்ணாகும்.
* தண்ணீரை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். இந்த மீன் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும். இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு மூடி போடுங்கள்.
* வெளிச்சுவர், சன்னல் ஓரம் தவிர்த்து உட்சுவரை ஒட்டி வையுங்கள். தொட்டியின் அடியிலும் பின்புறத்திலும் தெர்மாகோல் அட்டை வைத்தால் இரவுக் குளிர் குறைவாகத் தாக்கும்.
* தொட்டியைத் தயார் செய்து, பில்டரை ஓடவிட்டு, பழைய தொட்டியின் பில்டர் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் அதையும் போடுங்கள். மீன் கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் குளிரில் மெதுவாகவே பெருகும். எனவே முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, தண்ணீர் நிலைப்பட்ட பிறகு மற்றவற்றைச் சேருங்கள்.

குளிர்கால வெப்பநிலை

குளிர் தாங்கும் மீன் என்பதற்காக எதையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. உறைபனி விழும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தொட்டித் தண்ணீரின் வெப்பநிலையை அதிகாலையில் அளந்து பாருங்கள். நாள்கணக்கில் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் மீன் இரை எடுக்காது, நோய் எளிதில் தொற்றும். தெர்மோஸ்டாட் உள்ள 50 வாட் ஹீட்டர் ஒன்றை 18 அல்லது 19 டிகிரியில் வைத்தால் போதும்.

மின்சாரம் நின்றால் பதற வேண்டாம். தொட்டியைக் கம்பளியால் சுற்றிவிட்டு, இரை போடுவதை நிறுத்துங்கள். குளிர்ந்த நீரில் ஆக்ஸிஜன் அதிகம் கரைந்திருப்பதால் மீன் சில மணி நேரம் தாங்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள்கணக்கில் மின்தடை ஏற்படும் இடங்களில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருப்பது நல்லது.

தேயிலைத் தோட்டத்தில் கவனம்

மலை மக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். தேயிலைக் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் காப்பர் ஆக்ஸி குளோரைடில் உள்ள செம்பு, சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் இன்னும் கொடியவை. ஆகவே,

* மருந்து தெளித்த சரிவின் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம்.
* தெளிப்பு வேலை முடிந்து வந்ததும் குளித்து உடை மாற்றாமல் தொட்டியில் கை வைக்காதீர்கள்.
* தெளிக்கப் பயன்படுத்திய வாளி, குழாயைத் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது.
* மண்புழு கொடுப்பதாக இருந்தால் மருந்து படாத இடத்திலிருந்து எடுங்கள்.

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். குளிர்காலத்தில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தொட்டியின் வெப்பத்துக்குச் சமமாக்கி ஊற்றுங்கள்.

இரை

"தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன், தனியாக இரை வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு, மீன் பட்டினியால் மெலியும். அடியில் மூழ்கும் தீவன உருண்டைகளை மாலையில், சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவு கொடுங்கள். சோறு, ரொட்டி வேண்டாம்.

கூட வளர்க்க வரிக்குதிரை டேனியோ, ஒயிட் கிளவுட் மீன்கள் ஏற்றவை. பெரிதாக வளர்ந்து தண்ணீரை அழுக்காக்கும் தங்கமீன் வேண்டாம்.

சமவெளியிலிருந்து கொண்டுவரும்போது

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏற ஏற காற்றழுத்தம் குறைவதால் மீன் பை உப்பும். எனவே காற்றை இறுக்கமாக அடைக்க வேண்டாம் என்று கடையில் சொல்லி, இரட்டைப் பையில் வாங்குங்கள். தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வந்ததும் பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்த பிறகு மீனை மட்டும் விடுங்கள். மிரண்ட கோரி மீன்கள் நச்சு சுரக்கும் என்பதால் பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். துடுப்பு முள் குத்தினால் கடுக்கும், வலையிலும் சிக்கும். சிறு கிண்ணத்தில் பிடிப்பதே நல்லது.

இனப்பெருக்கம்

நன்றாக இரை கொடுத்துவந்த மீன்களுக்கு, 2 அல்லது 3 டிகிரி குளிர்ந்த தண்ணீரை மாற்றி ஊற்றினால் மழை வந்ததாக எண்ணி முட்டையிடும். கண்ணாடியில் ஒட்டிய முட்டைகளைப் பெரிய மீன்கள் தின்றுவிடும். தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். சில நாள்களில் குஞ்சு பொரிக்கும். மஞ்சள்கரு தீர்ந்ததும் ஆர்ட்டீமியா குஞ்சுகளை இரையாகக் கொடுக்கலாம்.

ஓடையில் விடவே கூடாது

மீன் அதிகமாகிவிட்டது என்று ஓடையிலோ எஸ்டேட் குட்டையிலோ விட்டுவிடாதீர்கள். 1900-களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட டிரவுட், 1939-இல் இலங்கையிலிருந்து வந்த கண்ணாடிக் கெண்டை இரண்டும் நீலகிரி நீர்நிலைகளில் நிலைத்துவிட்டன. குளிர் தாங்கும் வெளிநாட்டு மீனுக்கு இங்கே தடை இல்லை என்பதற்கு அவையே சாட்சி. சமவெளி ஏரிகளில் தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் பெருகி மீனவர் வலைகளைக் கிழிப்பதையும் பார்க்கிறோம். நீலகிரி டேனியோ போல இந்த மலைக்கே உரிய சிறு மீன்கள் ஏற்கெனவே அழிவின் விளிம்பில் உள்ளன. மிஞ்சிய மீன்களைக் கடைக்கோ மீன் வளர்க்கும் அக்கம்பக்கத்தாருக்கோ கொடுத்துவிடுங்கள். தொட்டித் தண்ணீரையும் ஓடையில் ஊற்றாமல் காய்கறிச் செடிகளுக்கு ஊற்றுங்கள்; செடிக்கு அது நல்ல உரம்.