பண்ணையைப் பார்க்காதீர்கள், பன்றியைப் பாருங்கள்

சித்திரை வெயிலில் சேலம், நாமக்கல் பக்கம் தகரக் கொட்டகைக்குள் அடைபட்ட வெண்பன்றிக்கு மூச்சிரைக்கும். வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளப் பன்றியால் முடியாது. சேறும் தண்ணீரும்தான் அதற்குக் கதி. அவை கிடைக்காவிட்டால் தன் சாணத்திலேயே புரளும். அசிங்கம் பிடித்த பிராணி என்கிறோம். உண்மையில் அது தண்ணீருக்குத் தவிக்கிறது.

ஒரு பண்ணை நன்றாக நடக்கிறதா என்று அறிய, பன்றியின் உடம்பே போதும். எழுப்பி நடக்கவிடுங்கள். நொண்டுகிறதா? முதுகெலும்பு துருத்துகிறதா? வால் நுனியில் ரத்தம் கசிகிறதா? இட நெருக்கடி, புழுக்கம், தீவனத்துக்குப் போட்டி, கிளறிப் பார்க்க ஒன்றுமில்லாத வெறுந்தரை, இவற்றால்தான் ஒன்றன் வாலை ஒன்று கடிக்கிறது. வாலை நறுக்கிவிட்டாலும் காரணம் அப்படியே இருக்கும். எண்ணிக்கையைக் குறைத்து, வைக்கோல் போட்டு, கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, தண்ணீர் தெளித்தால் கடி குறையும்.

சினைப்பன்றியைத் திரும்பக்கூட முடியாத இரும்புக் கூண்டில் மாதக்கணக்கில் நிறுத்துவது கொடுமை. அசைய இடமில்லாத கூண்டில் எந்த விலங்கையும் அடைப்பதும், போதிய தீவனமும் தண்ணீரும் தராததும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பலனாக வந்த சட்டம் அது. ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இத்தனை ஆண்டுகளாகியும் இதை உயர்த்தாதது வெட்கக்கேடு. பசி, தாகம், வலி, பயம் இல்லாமல் வாழும் உரிமை விலங்குக்கும் உண்டு என்று 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பன்றிக்கும் பொருந்தும்.

பெரிய ஆபத்து, பன்றிக்குத் தீவனமாகப் போடும் ஓட்டல் கழிவு. 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பட்டியையே காலி செய்துவிடும். அது பரவ, எச்சில் இலையோடு வரும் பன்றிக்கறித் துண்டு ஒன்று போதும். கழிவைக் கிளறிக்கிளறி ஒரு மணி நேரமாவது நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறியபிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

கொடுமையைக் கண்டால் காவல் நிலையத்திலோ கால்நடை பராமரிப்புத் துறையிலோ எழுத்து மூலம் புகார் தரலாம். வளர்ப்பு முறையில் சந்தேகம் இருந்தால் நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கடும் காய்ச்சலும், காதிலும் வயிற்றிலும் செந்திட்டும் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்; 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மறைத்து விற்காதீர்கள். நோயை ஒடுக்க அரசு அழிக்கும் பன்றிக்குத்தான் இழப்பீடு. அதற்கு முன்பே செத்துப்போனதற்குக் கிடையாது.