எனக்கு இருபது வயது, என் பார்பிக்கு?

சென்ற டிசம்பரில் பாட்டி ஈசூன் மூவறை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களுடன் தங்க வந்தார். வைத்துக்கொள்ள, கொடுத்துவிட, வீச என மூன்று அட்டைப்பெட்டிகளை வைத்துப் பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பழைய பிஸ்கட் டின் ஒன்றை அம்மா திறக்காமலேயே மூன்றாவது பெட்டியில் போடப் போனார். நான் பாய்ந்து வாங்கிக்கொண்டேன். உள்ளே மஞ்சள் முடி பார்பியும் அவளுடைய பதினான்கு உடைகளும் இருந்தன.

“இருபது வயசுல பொம்மையா?” என்றார் அம்மா.

அது முதலில் சித்தியின் பொம்மை. தொண்ணூறுகளில் அவர் விளையாடியது, எனக்கு ஐந்து வயதானபோது என்னிடம் வந்தது. இடுப்புக்குக் கீழே பின்புறத்தில் ‘1966’, ‘மலேசியா’ என்று பொறித்திருக்கும். அதைப் படித்த நாளிலிருந்து, என் அம்மாவைவிட மூத்த பொம்மை என்று வகுப்பு முழுவதும் பெருமையடித்தேன். அந்த உடல் வடிவத்துக்கான பதிப்புரிமை ஆண்டுதான் 1966 என்பதும் அதே வடிவத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஏமாற்றம்தான். ஆனாலும் மலேசியாவில் செய்தது என்பதாவது உண்மை!

பார்பி அறிமுகமானது 1959 மார்ச் 9ஆம் தேதி, நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில். விலை மூன்று டாலர், உயரம் பதினொன்றரை அங்குலம். அக்காலத்தில் சிறுமிகளுக்குப் பெரும்பாலும் குழந்தைப் பொம்மைகளே கிடைத்தன. விளையாட்டிலும் அவர்கள் அம்மாதான். மகள் பார்பரா, பெரிய பெண்களின் உருவங்களைக் கொண்ட காகிதப் பொம்மைகளோடு விளையாடுவதைக் கவனித்த ரூத் ஹேண்ட்லர், ‘பில்ட் லில்லி’ என்ற ஜெர்மானியப் பொம்மையைப் பார்த்துப் பார்பியை உருவாக்கினார். பெரியவளானால் என்னவாக இருப்போம் என்று சிறுமிகள் கற்பனை செய்யட்டும் என்பது அவர் எண்ணம்.

நானும் கற்பனை செய்தேன். ஆனால் நான் பெரியவளானால் என் முடி மஞ்சளாகாதே! ஏழு வயதில் பழுப்பு நிற மார்க்கரை எடுத்து அவள் முகத்தில் தீட்டத் தொடங்கினேன். பாட்டி பார்த்துவிட்டார். ஏன் என்று கேட்டார். “என்னை மாதிரி ஆகணும்” என்றேன். அவர் திட்டவில்லை. என் பொங்கல் பாவாடையில் மிஞ்சிய துணியில் அவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார். பாவாடை அழகாக இருந்தது. என் கேள்வி அப்படியே இருந்தது. 1980லேயே கிட்டி பிளாக் பெர்கின்ஸ் வடிவமைத்த கறுப்பினப் பார்பி வந்துவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மார்க்கர் கறை அவளது இடது காதோரம் இன்னும் இருக்கிறது.

பொம்மைச் சட்டை தைப்பது எளிது என்று நினைக்காதீர்கள். தையலுக்கு விடும் துணி கொஞ்சம் கூடினாலும் இடுப்பு உருளையாகிவிடும். கை விரல்கள் சட்டைக்கையில் சிக்கும். சிறிய பிளாஸ்டிக் துண்டைச் சுற்றித்தான் நுழைக்க வேண்டும். முதுகுப் பக்கம் முழுவதும் திறந்திருக்க வேண்டும், மூடுவதற்குக் குட்டி பிரஸ் பட்டன். பாட்டி இதையெல்லாம் தாளில் வரையாமல், அவள் மேலேயே துணியைப் போர்த்திக் கத்தரிப்பார்.

இப்போது பாட்டியால் ஊசியில் நூல் கோர்க்க முடிவதில்லை. மூன்று ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். தையல் இயந்திரம் இரண்டாவது பெட்டிக்காரர்களோடு போய்விட்டது. அவர் கையால் தைத்தவற்றில் எங்களிடம் மிஞ்சியிருப்பவை அந்தப் பதினான்கு உடைகள்தாம்.

டின் இப்போது பல்கலைக்கழக விடுதியில் என் மேசைமேல் இருக்கிறது. 2023இல் பார்பி படம் வந்தபோது இளஞ்சிவப்பு உடையில் திரையரங்குக்குப் போன என் அறைத்தோழிகூட முதலில் சிரித்தாள். பிறகு, தன் பொம்மையை வீட்டில் யாரோ கொடுத்துவிட்டதைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சட்டையாக எடுத்துப் பார்த்தாள்.

வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது டின்னையும் எடுத்துச் செல்கிறேன். பதினைந்தாவது உடை, பாட்டியின் பழைய பருத்திச் சேலைத் துண்டில். நான் கையால் தைக்க, அவர் நாற்காலியில் இருந்து மேற்பார்வை. சென்ற ஞாயிறு ஒருவழியாக முடித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நடுங்கும் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“தையல் எல்லாம் கோணல். பிரிச்சுட்டு மறுபடி தை.”