11 மணி நேரம் எங்கே போச்சு?

"நேரமே இல்லீங்க!"

இந்த வசனத்தைச் சொல்லாமல் எனக்கு ஒரு நாள் விடிந்ததுமில்லை, முடிந்ததுமில்லை. பி.காம் முடித்த சூட்டோடு காஸ்ட் அக்கவுண்டன்சி படிப்புக்குப் பணம் கட்டினேன். தபாலில் புத்தகங்கள் வந்து இறங்கின. பதிமூன்று வருஷம் ஆச்சு. அதில் இரண்டு புத்தகம் இப்போது கட்டிலின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மற்றவை பரணில்.

எனக்கு ஊர் திருப்பத்தூர். உடனே "வேலூர்ப் பக்கமா?" என்று கேட்காதீர்கள். அது வேறு, 2019-ல் தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது. நாங்கள் சிவகங்கை மாவட்டத்துக்காரர்கள். மருது சகோதரர்களை 1801-ல் தூக்கிலிட்ட திருப்பத்தூர். கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பத்திரிகைகளுக்கு எழுதுவது உபரி.

போன வருஷம் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் ஒரு பழைய கணக்கப்பிள்ளை. எண்பதைத் தாண்டியவர். கடைக்கு வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவரிடமும் என் வசனத்தை எடுத்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"நேரம் இல்லைன்னு வாயால சொல்லாதீங்க தம்பி. பேரேட்டைக் காட்டுங்க."

சுருக்கென்றது. ஊரான் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி தூங்காதவன் நான். என் நாளை ஒரு தடவையாவது எழுதிப் பார்த்திருக்கிறேனா? அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒரு வாரம், அரை மணிக்கொரு தரம் பதிவு.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 52. தொழில் 48. பஸ்ஸுக்குக் காத்திருந்ததும் பஸ்ஸில் போனதும் 9. டீக்கடையும் திண்ணையும் 6. (இதை நஷ்டத்தில் எழுத மாட்டேன். திண்ணைப் பேச்சு இல்லாவிட்டால் நான் எழுதுவதற்கு விஷயமே கிடைக்காது.) செல்போன் 19! குளியல், சாப்பாடு, பையனின் வீட்டுப்பாடம் என்று வீட்டுக் கணக்கு 23. எல்லாம் கூட்டினால் 157. மீதி பதினொன்று? எங்கே போனதென்று தெரியவில்லை. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், டேலி ஆகாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு மூடுவார்கள். என் வாழ்க்கையில் வாரத்துக்கு 11 மணி நேரம் சஸ்பென்ஸ்.

நோட்டை மூடி வைத்த மறுநாள் ஒரு கல்யாணத்துக்காக மகிபாலன்பட்டி போனேன். எங்கள் ஊருக்குப் பக்கம்தான். கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இதுதான் என்பார்கள். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 1881-ல் பிறந்ததும் இதே ஊரில்தான். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பாயசம் வருவதற்குள் அவர் கதையைச் சொல்லி முடித்தார்.

பண்டிதமணி பள்ளிக்கூடம் போனது ஏழே மாதம். பதினொரு வயதில் தொழில் பழக இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது தகப்பனார் இல்லை. வாத நோயில் கால்களும் முடங்க, கோல் ஊன்றித்தான் நடமாட்டம். எனக்கு இதில் பாதி நடந்திருந்தால் ஊர் ஊராகப் புலம்பியிருப்பேன். அவர் தமிழ் நூல்களைத் தாமாகவே படித்தார். சந்தேகம் கேட்க ஆள் தேடி, சோழவந்தான் அரசஞ்சண்முகனாரிடம் இலக்கணம் கற்றார். போதாதென்று வடமொழியும் கற்று, 'மிருச்சகடிகம்' நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் தந்தார். ஏழு மாதப் படிப்புக்காரர் பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்!

அவரிடம் வந்து சேர்ந்த ஒரு பையனின் கதை இன்னும் ருசி. மேலைச்சிவபுரி வ.சுப. மாணிக்கம். இவரும் பதினொரு வயதில் பர்மாவுக்குப் போனவர். வேலை, லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையன். வரி அதிகாரி வந்தால் 'முதலாளி இல்லை' என்று சொல்லச் சொன்னார்களாம். இருக்கிறவரை எப்படி இல்லை என்பது? மறுத்தார். வேலை போச்சு. ஊர் திரும்பியபோது பதினெட்டு வயது. மற்றவன் காலேஜில் இருக்கும் வயதில் இவர் பண்டிதமணியிடம் தமிழ் படிக்க உட்கார்ந்தார். 1979-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

பாயசம் எனக்கு இறங்கவில்லை. நோட்டு கண்முன் ஆடியது.

மறுநாளே பரண் புத்தகங்களைத் தட்டினேன். விடிகாலை ஐந்து முதல் ஆறரை வரை படிப்பு. ஒரு மாதம் தாண்டியது. ஓஹோ என்றிருந்தது. நோட்டில் 'வரவு: தினம் ஒன்றரை மணி' என்று சிவப்பு மையில் எழுதி, மனைவியிடமும் பெருமையாக நீட்டினேன்.

அவளும் பி.காம்தான். எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர், மார்க்கில் மட்டும் சீனியர். நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, முதல் வருஷப் பாடம் மறந்துபோச்சா? பெறுபவர் பற்று, கொடுப்பவர் வரவு. இந்த ஒண்ணரை மணியைப் பெற்றது நீங்க. கொடுத்தது யாரு?"

முழித்தேன்.

முன்பெல்லாம் காலையில் குழாயில் தண்ணீர் பிடிப்பது நான். பையனை எழுப்பிக் குளிப்பாட்டுவதும் நான். ஒரு மாதமாக அந்த இரண்டையும் சத்தமில்லாமல் அவள் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நான் சேமித்தது செல்போனின் 19-லிருந்து அல்ல, அவளிடமிருந்து. செல்போன் 19 அப்படியே பத்திரமாக இருந்தது!

பண்டிதமணிக்கும் மாணிக்கனாருக்கும் யார் சோறு பொங்கிப் போட்டார்கள், யார் வேட்டி துவைத்தார்கள் என்பதைப் பக்கத்து இலைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் வரலாற்றில் இந்தப் பக்கத்தை யாரும் எழுதுவதும் இல்லை.

"உன் நோட்டு எங்கே?" என்றேன், சமாதானமாக.

"எழுதறதுக்கு நேரம் இருந்தாத்தானே!"

அலமாரியில் துணிக்கு அடியில் குரூப் 4 தேர்வுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறாள். அட்டைகூட மடங்கவில்லை. வாங்கி இரண்டு வருஷமாம். எனக்குத் தெரியவே தெரியாது.

இப்போது தண்ணீர் பிடிப்பது மறுபடி நான். குடம் நிறைகிற நேரத்தில் ஒரு பக்கம் படிக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுக்கிறேன். போன் 19-லிருந்து 11-க்கு இறங்கியிருக்கிறது. அதற்கு மேல் இறங்க அடம்பிடிக்கிறது. ராத்திரி எட்டரைக்கு அவள் புத்தகத்தோடு உட்காருகிறாள், நான் பாத்திரம் தேய்க்கிறேன்.

நேற்று குழம்புச் சட்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடிப்பிடித்தது போகவில்லையாம்.