'முஸ்லிம்' என்று தேடினால் 'சோனகர்' கிடைக்குமா?

மடவளையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் மாணவி ஒருவர் இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை ஆய்வுக்கு எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நூலகக் கணினியில் 'முஸ்லிம்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட வரலாற்று நூல் அகப்பட்டுவிடும். பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

அந்தத் துறையின் பெரிய வாதத்தைத் தொடக்கிவைத்த கட்டுரையோ நழுவிவிடலாம்.

இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் எழுதிய கட்டுரை அது. றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளியானது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூலொன்று எழுதினார். இரண்டின் தலைப்பிலும் இருப்பது சோனகரைக் குறிக்கும் 'மூர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல், 'முஸ்லிம்' அல்ல.

நூற்பட்டியல் புத்தகத்தின் உள்ளே படித்துப் பார்ப்பதில்லை. தலைப்பு, ஆசிரியர், பொருள் தலைப்பு முதலிய பதிவுகளில் உள்ள சொற்களையே பொருத்திப் பார்க்கிறது. ஆகவே ஒரே பொருளைக் குறிக்கும் எல்லாச் சொற்களையும் முதலில் தாளில் எழுதிக்கொள்வது நல்லது: முஸ்லிம், மூர், முகம்மதியர். இவற்றை 'ஓர்' என்ற ஆங்கிலச் சொல்லால் இணைத்தால் வலை விரியும். 'கண்டி' என்பதை 'அண்ட்' கொண்டு சேர்த்தால் சுருங்கும். ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். மடவளையை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆறாவது எழுத்து சில இடங்களில் 'ஏ', சில இடங்களில் 'ஈ'.

மொழியும் ஆளை ஏமாற்றும். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் அளித்த பங்கைப் பற்றி ம.மு. உவைஸ் எழுதி, 1953இல் வெளிவந்த நூல் ஆங்கிலத்தில் உள்ளது. தமிழில் மட்டும் தேடுபவருக்கு அது தென்படாமல் போகலாம். மறுபுறம், பழைய தமிழ்ச் சஞ்சிகைகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் தமிழிலேயே தேட வேண்டும்.

நல்ல நூலொன்று கிடைத்ததும் அடிக்குறிப்புகளைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். அஸீஸின் நூல் நேரே இராமநாதனிடம் கொண்டுபோய்விடும். முன்னோக்கிப் போக, கிடைத்த நூலை மேற்கோள் காட்டிய பிந்தைய ஆய்வுகளை கூகுள் ஸ்கொலர் காட்டும்.

எந்த நாளில், எங்கே, எந்தச் சொல்லால் தேடினீர்கள் என்பதைக் கொப்பியில் குறித்துவையுங்கள். அந்தக் கொப்பியோடு நூலகரிடம் போய்க் கேளுங்கள். விடுபட்ட சொல்லைச் சுட்டிக்காட்டுவது அவருடைய தொழில்.